லோர்னாவின் குரலில் ஓர் எச்சரிக்கை

என் மனைவி லோர்னாவின் கார் ஒன்பது குளிர்காலம் வாசலில் பனிக்குள் கிடந்தது. கராஜுக்குள் நான் விமானம் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். பகலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு சாஃப்ட்வேர் எழுதுவேன். மாலையில் தகடுகளை இணைக்கும் ரிவெட் அடிப்பேன். மிச்சிகனின் ஜனவரியில் கார் கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டி அவளுக்குத் தோள்வலியே வந்துவிட்டது. அதைப் பற்றி அவள் நிறையச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டேன் என்று சொன்னால் பொய்.

கட்டி முடித்து, சனிக்கிழமைதோறும் நாலு கோடை பறந்தும் ஆகிவிட்டது. லோர்னா ஒருமுறைகூட ஏறவில்லை. விமானக்காரர் கிளப்பில் சிக்கியவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் புலம்புவேன். "அவளுக்கு ஆகாயம்னாலே ஆகாது. நம்ம தலையெழுத்து" என்பேன். அவர்களும் காபியைக் குடித்தபடி உச்சுக்கொட்டுவார்கள்.

இந்த மே மாதம் அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"சனிக்கிழமைன்னு ஒண்ணு எனக்கு இருந்ததே இல்ல, கார்த். ஒரே ஒரு தடவை உன்கூட வரேன். அப்பவும் எனக்கு இதுல ஒண்ணும் இல்லைன்னு தோணிச்சுன்னா, அதை ஹுக்ஸ்ட்ராகிட்ட வித்துடு."

ஹுக்ஸ்ட்ரா எங்கள் ஊர்ப் பல் டாக்டர். என் விமானத்தை மூன்று வருஷமாக விலைக்குக் கேட்கிறார். என் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டே கேட்பார், மறுக்கவும் முடியாது. லோர்னாவிடம் சரி என்று தலையாட்டிவிட்டேன். வேறு வழி?

இங்கேதான் ஒரு சிக்கல். என் விமானத்தில் எச்சரிக்கை சொல்லும் ஒரு நிரல் உண்டு. சொந்தமாகக் கட்டிய விமானம் என்பதால் அதன் திரை, நிரல் எல்லாம் என் கைவேலைதான். முதலில் மணியடிக்க வைத்தேன்; காதிலேயே விழவில்லை. பிறகு இயந்திரக் குரல் வைத்தேன். ஒரு வாரத்தில் அதுவும் பழகிப்போயிற்று. யார் சொன்னால் என் முதுகு தானாக நிமிரும் என்று யோசித்தேன். விடை வீட்டிலேயே இருந்தது.

லோர்னா என் செல்பேசியில் விட்டிருந்த பழைய குரல் செய்திகளை எடுத்தேன். தேவையான துண்டுகளை மட்டும் நறுக்கினேன். வேகம் குறைந்தால் "என்ன பண்ணிட்டிருக்கே?" பெட்ரோல் டேங்கை இடமிருந்து வலத்துக்கு மாற்றும் நேரம் வந்தால் "மறந்துட்டியா?" தரைக்கு ரொம்பப் பக்கத்தில் போனால் "எங்க இருக்கே?" அற்புதமாக வேலை செய்தது. அவளிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

இப்போது அவளே வருகிறாள். வெள்ளிக்கிழமை மாலை அவசர அவசரமாக நிரலைத் திறந்து, குரல் வராமல் இருக்க ஒரு வரியை மாற்றினேன். வெள்ளிக்கிழமை மாலை எதையும் மாற்றாதே, சோதிக்காமல் எதையும் அனுப்பாதே என்று ஆபீஸ் சுவரில் எழுதி ஒட்டியவனே நான்தான். அது ஆபீஸுக்கு என்று நினைத்துவிட்டேன் போல.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். வடக்கே, ஏரிக்கரையோரம் ஒரு புல்தரை ஓடுதளத்தில் விமானக்காரர்களுக்குப் பாகு ஊற்றிய பான்கேக் போடுகிறார்கள். முக்கால் மணி நேரம் பறந்து போய்த் தின்றுவிட்டு, எவன் எப்படி இறங்கினான் என்று கேலி பேசிவிட்டுத் திரும்புவது எங்கள் கூட்டத்தின் வழக்கம். லோர்னா சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு பல்டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

சக்கரம் தரையை விட்டது. ஆயிரம் அடி ஏறினோம்.

"என்ன பண்ணிட்டிருக்கே?" என்றது ஹெட்போனில் அவள் குரல்.

"ஏறிட்டிருக்கோம்" என்றேன்.

லோர்னா திரும்பிப் பார்த்தாள். "யார்கிட்ட பேசறே?"

"நீதானே கேட்டே?"

"நான் வாயே திறக்கல."

"மறந்துட்டியா?" என்றது அவள் குரல். உதடு அசையவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "எங்க இருக்கே?" என்று குரல் தொடர்ந்தது.

"கார்த். இது என் குரல்."

"அப்படியா? ஜாடை கொஞ்சம் இருக்கு."

"இருபத்தாறு வருஷமா என்கூட இருக்கே. என்கிட்டயே ரீல் விடறியா?"

உண்மையைக் கக்கினேன். எந்தத் துண்டு எதற்கு என்பது வரை சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. குரல் மட்டும் ஓயாமல் மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே வந்தது.

"அதை நிறுத்தேன்!"

"நிறுத்த பட்டனே வைக்கல. வெச்சிருந்தா என்னிக்கோ அமுக்கியிருப்பேன்."

"நான் நிஜமாவே இப்படியா நச்சரிக்கறேன்?"

இந்தக் கேள்விக்கு எந்த உயரத்திலும் பதில் சொல்லக்கூடாது. கீழே செர்ரித் தோட்டங்களைக் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு லேசாக நம்பிக்கை வந்தது.

அரை மணி கழித்து லோர்னா சொன்னாள்: "அந்த 'மறந்துட்டியா' எங்க போச்சு? ரெண்டுதான் வருது."

"போச்சா? விட்டது சனியன்!" என்றேன்.

அவள் முறைத்தாள். இஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமிவிட்டு நின்றது. காற்றின் சத்தமும் அந்த இரண்டு கேள்வியும்தான் கேட்டன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குரலை அணைக்கிறேன் என்று அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறேன். எல்லாம் சரியாக இருந்தால் கத்துகிறது. ஆபத்து வந்தால் வாயை மூடிக்கொள்கிறது. இடது டேங்க் காலி. மாற்றும் நேரம் வந்ததால்தான் அந்தக் கேள்வி நின்றிருக்கிறது.

"டேங்க், கார்த்! டேங்க்!" இந்த முறை கத்தியது நிஜ லோர்னா.

டேங்க் குமிழை வலப்பக்கம் திருப்பினேன், பெட்ரோல் பம்பைப் போட்டேன். ஆறு விநாடி இருக்கும். இஞ்சின் ஒரு குலுக்கல் குலுக்கிவிட்டு மறுபடி ஓட ஆரம்பித்தது. உடனே ஹெட்போனில் குரல் கேட்டது: "மறந்துட்டியா?"

"ஆமா, மறந்துட்டேன்" என்றேன்.

இறங்கும் வரை லோர்னா சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். விமானம் என் கையை விட்டுப் போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன். ஹுக்ஸ்ட்ரா அதற்கு என்ன நிறம் அடிப்பார் என்றுகூட யோசித்தேன்.

பான்கேக் தட்டோடு மரத்தடி மேஜையில் உட்கார்ந்தோம். நிரலைச் சரிசெய்ய மடிக்கணினியைத் திறந்தேன்.

"அந்த மெசேஜெல்லாம் முழுசா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. நான் முன்னாடி இருக்கற ரெண்டு வார்த்தையைத்தான் எடுத்தேன்."

"மீதியைக் கேட்டியா?"

"வேகம், டேங்க், உயரம். அதுக்கு மேல எனக்கு வேண்டியிருக்கல."

"'எங்க இருக்கே'ங்கறதைப் போடு. முழுசா."

போட்டேன். நாலு வருஷம் முந்தைய ஜூலை மாதச் செய்தி.

"கார்த், எங்க இருக்கே? நான் இன்னிக்கு லீவு போட்டுட்டேன். வானம் எவ்ளோ நல்லா இருக்கு பாரு. விமானம் நிறுத்தற ஷெட் வாசல்லதான் நிக்கறேன். என்னையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயேன். பயமாத்தான் இருக்கு, ஆனா வரேன்." கொஞ்சம் காற்றுச் சத்தம். "சரி, நீ கிளம்பிட்டே போல. மேல ஏதோ ஒண்ணு போகுது. நீயான்னு தெரியல. கையாட்டினேன்."

செய்தி முடிந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு கோடையாக ஊர் முழுக்க அவளைக் குறை சொல்லித் திரிந்திருக்கிறேன். அந்தச் செய்தியிலிருந்தே இரண்டு வார்த்தையை வெட்டி எடுத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் தனியாகக் கேட்டபடி பறந்திருக்கிறேன்.

"ஏன் மறுபடி கேக்கல, லோர்னா?"

"கேட்டேன்ல? நீ ஒண்ணும் சொல்லல. வேண்டாம்னு நினைச்சுட்டேன்."

அவள் என் தட்டிலிருந்து ஒரு துண்டு பான்கேக்கை எடுத்துத் தின்றாள். தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"திங்கட்கிழமை ஹுக்ஸ்ட்ராகிட்ட பேசிடறேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"எதுக்கு?"

"விக்கத்தான்."

லோர்னா விரலில் ஒட்டியிருந்த பாகைத் துடைத்துவிட்டுப் புல்வெளியில் நின்ற விமானத்தைப் பார்த்தாள்.

"மடையா, எனக்கு நாலு கோடை பாக்கி இருக்கு. அதை வித்துட்டா நான் எதுல போறது?"