ஏணியை எடுத்தவள்

ஆலையில் எனக்கு 'சிவப்பு லைட்' என்று பெயர். எதைக் கேட்டாலும் நிறுத்து என்கிறேனாம். பாதுகாப்பு அதிகாரி வேறென்ன சொல்வாள்? அந்தப் பெயரை வைத்தவன் வெளியாள்கூட இல்லை, என் கொழுந்தன். நான் சொல்லித்தான் அவனுக்கு அங்கே ஃபிட்டர் வேலை கிடைத்தது. வந்த கையோடு எனக்குப் பட்டப்பெயர் சூட்டிவிட்டான்.

பழைய காகிதத்தை ஊறவைத்து, அரைத்து, அட்டை செய்கிற ஆலை அது. கழிவு முழுக்கப் பின்பக்கம் ஓர் ஆழமான நிலத்தடித் தொட்டிக்கு வரும். தொட்டிக்குள் பாதி ஆழத்தில் ஓர் இரும்பு மேடை, அதன்மேல் பம்ப். அந்த பம்ப்தான் கழிவைச் சுத்திகரிப்புக்குத் தள்ள வேண்டும். கழிவு மேடை வரை ஏறிவிட்டால் ஒரு பழைய குழாய் வழியாகப் பக்கத்துக் கால்வாய்க்குப் போய்விடும்.

அன்று மதியம் பம்ப் அடைத்துக்கொண்டு நின்றது. நான் போனபோது தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே அலுமினிய ஏணியையும் இறக்கி வைத்திருந்தார்கள். அழுகிய முட்டை வாடை குடலைப் பிடுங்கியது.

"மெஷினை நிறுத்துங்க சார்," என்றேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. பெரிய செலவுக்குத் தாராளமும் சின்னச் செலவுக்குக் கஞ்சத்தனமும் காட்டுகிற ஒரு தினுசு. "நிறுத்தினா ஊறின கூழ் மொத்தமும் வீணாப் போயிடும்மா. ஒருத்தன் இறங்கி அடைப்பை எடுத்தா முடிஞ்சுது. அஞ்சு நிமிஷ வேலை."

"யாரும் இறங்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப கால்வாய்ல விடட்டுமா? போன தடவை மீன் செத்து மிதந்ததுக்கே பொல்யூஷன் போர்டுக்காரங்க சீல் வச்சிடுவோம்னு மிரட்டிட்டுப் போயிருக்காங்க."

"அதனாலதான் நிறுத்தச் சொல்றேன். நான் கேட்ட சங்கிலியைப் போட்டிருந்தா இன்னிக்கு இந்தப் பேச்சே இல்ல."

பம்ப்புக்கு ஒரு சங்கிலி, மேலே ஒரு கப்பி, வழுக்கி ஏற இரண்டு கம்பி. நான் கேட்டது அவ்வளவுதான். பம்ப்பை வெளியே தூக்கி வெயிலில் வைத்துச் சரிபண்ணலாம், ஒருவரும் உள்ளே இறங்க வேண்டாம். பாதிச் சாமான் எங்கள் பழைய இரும்புக் குவியலிலேயே கிடந்தது. மேனேஜருக்கு அது கண்ணில் படவில்லை. ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து திரையில் படம் போட்டுக் காட்டிய பெரிய திட்டம் வரட்டும், எல்லாவற்றையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று ஜவ்வாக இழுத்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். "அண்ணி, வீட்டுல அண்ணன்கிட்ட போடுற சண்டையில பாதியைத்தான் இங்க போடுறீங்க. பாவம் சார், தாங்க மாட்டார்."

"வாயை மூடிட்டு அந்தப் பக்கம் போடா."

"பெல்ட் போட்டுக்கிட்டுப் போகவா, போடாம போகவா?"

வீட்டிலும் இதே கிண்டல்தான். குளிக்கப் போனால்கூட அண்ணியிடம் பெல்ட்டும் கயிறும் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்பான். தொட்டியோரக் கைப்பிடிக் கம்பியில் பாதுகாப்பு பெல்ட்டையும் கயிற்றையும் மாட்டி வைத்தது நான்தானே. அவனோடு மல்லுக்கட்ட எனக்கு அப்போது நேரமில்லை.

"நீங்க நிறுத்தலைன்னா நான் நிறுத்துறேன்," என்று மெஷின் கூடத்துக்கு நடந்தேன். மேனேஜர் என்னென்னவோ சொல்லிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தேன். உருளைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த அமைதியில்தான் பின்பக்கத்திலிருந்து அலறல் கேட்டது.

"டேய்! எந்திரிடா! டேய்!"

பம்ப் ஆபரேட்டரின் குரல். அவனும் என் கொழுந்தனும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி திரிவார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கொழுந்தன் இரும்பு மேடையில் குப்புறக் கிடந்தான். ஒரு கை கழிவுக்குள் தொங்கியது.

"வாடை போயிடுச்சு மேடம்! அதான் இறங்கிட்டான். உங்களுக்கும் சாருக்கும் எதுக்குச் சண்டைன்னு..."

வாடை போகவில்லை, அவர்கள் மூக்குதான் செத்துப்போயிருந்தது. கழிவிலிருந்து கிளம்பும் விஷவாயு கூடக் கூட மூக்கு மரத்துவிடும். நாறும்போது பயப்படுங்கள், நாற்றம் நின்றால் ஓடுங்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஆபரேட்டர் ஏணியில் கால் வைத்துவிட்டான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க மேடம்! மூச்சைப் பிடிச்சுட்டு இறங்கித் தூக்கிடுறேன்!"

"ரெண்டு பேரும் அங்கேயே கிடப்பீங்க. ஏறுடா மேல!"

"உங்க கொழுந்தன்தானே! உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

குதிக்கச் சொல்லி என் காலே என்னை உந்தியது. அவனை மேலே இழுத்துத் தள்ளிவிட்டு ஏணியைப் பிடித்தேன். நின்றுகொண்டிருந்த இரண்டு சுமைதூக்கிகளிடம் கத்தினேன். மூன்று பேருமாக உருவி, ஏணியை எட்டாத தூரத்தில் வீசினோம். ஆபரேட்டர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினான்.

அப்போதுதான் கைப்பிடிக் கம்பியில் விறைத்து நின்ற கயிறு என் கண்ணில் பட்டது. மறுநுனி கீழே, அவன் முதுகு பெல்ட்டில். என் வாயை அடைக்கத்தான் மாட்டியிருப்பான், கடன்காரன்.

"கயிறு! கயித்தைப் பிடிங்கடா!"

ஆபரேட்டர், சுமைதூக்கிகள், வெள்ளைச் சட்டையோடு மேனேஜர், எல்லோரும் பிடித்தார்கள். நான் கம்ப்ரசர் குழாயைத் திறந்து அவன் முகத்தருகே காற்று போகும்படி உள்ளே விட்டேன். மேலே வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். தோள் பம்ப் குழாயில் மாட்டிக்கொண்டது.

"இறக்குங்க," என்றேன்.

"என்னது?"

"கொஞ்சம் இறக்கித் திருப்பி இழுக்கணும். இறக்குங்க!"

நான் கைபிடித்து வளர்த்த பிள்ளை மாதிரி அவன். மறுபடியும் அந்த நரகத்துக்குள் அவனை இறக்கச் சொன்னேன். இறக்கினார்கள். கயிற்றை உதறியதில் உடம்பு திரும்பியது. இழுத்தார்கள். தலை வெளியே வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் மேனேஜர் கறை படிந்த சட்டையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "அந்தச் சங்கிலியை நாளைக்கே போட்டுடலாம்மா."

"போட்டப்புறம்தான் மெஷின் ஓடும் சார்."

அவர் தலையாட்டினார். அன்று நின்ற மெஷினில் வீணான கூழுக்கு எத்தனை சங்கிலி வாங்கியிருக்கலாம் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் கொழுந்தன் கண் விழித்தான். கட்டில் ஓரத்தில் அவன் மனைவி. ஆபரேட்டர் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டியிருந்தான்.

"ஏணியை நீங்களா எடுத்தீங்க அக்கா? இவரு உள்ள கிடக்கும்போதே?"

"ஆமா."

"அட, அவன் இறங்கியிருந்தா என் மேலதான் விழுந்திருப்பான்," என்றான் கொழுந்தன், கரகரத்த குரலில். "அவன் கனத்துக்கு நான் அங்கேயே காலி."

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கயிறு இல்லாம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"அப்பவும் ஏணியை எடுத்திருப்பேன்மா."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கொழுந்தன் ஊசி குத்தியிருந்த கையை மெல்ல நகர்த்தி, அவள் கையைத் தொட்டான்.

"அண்ணி நேத்துல இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க," என்றான். "போய் ஒரு டீ வாங்கிட்டு வா."

அவள் அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.