நாகலிங்கர் எழுப்பிய ஏலிஸ் அக்கா

செத்து அறுபத்தேழு வருடம் ஆகியிருந்த ஒரு பெண்மணியை, காப்பி ஆறுவதற்குள் நான் உயிரோடு எழுப்பியிருக்கிறேன். அந்தக் காப்பியைப் போட்டுக் கொடுத்ததும் அதே பெண்மணிதான். நம்ப முடியவில்லையா? பரவாயில்லை, புதுச்சேரியில் யாருமே நம்பவில்லை.

என் பெயர் மாக்சிம். மின்துறையில் முப்பத்தோரு வருடம் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் வீட்டுக்காரரே கடிப்பார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். துப்பறிய இதைவிடப் பெரிய படிப்பு பாரீசில்கூடக் கிடையாது. அதோடு, துப்பறியும் நாகலிங்கர் கதைகள் பத்தொன்பதையும் நாற்பது தடவை படித்திருக்கிறேன். சரி, முப்பத்தெட்டு.

நாகலிங்கர் என் தாத்தா காலத்து ஆள். தலைப்பாகை, மூக்குப்பொடி, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, ஒரு சிட்டிகை பொடியை இழுத்து, "குற்றவாளி இந்த அறையிலேயே இருக்கிறார்" என்பார். ஒவ்வொரு தடவையும் எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

2006-ல் அவரைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்கள். ஞாயிறு காலை பதினொரு மணி. எடுத்தவர்கள் சும்மா எடுத்திருக்கக் கூடாதா? நாகலிங்கருக்குப் பதில் ஒரு பெண்! ஸ்கூட்டியில் வருகிறாள், செல்போனில் படம் பிடிக்கிறாள், பொடிமட்டையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நான் துக்கம் காத்தேன். துக்கம் காத்துக்கொண்டே ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தேன்.

பார்த்தது ஏலிஸ் அக்கா வீட்டில். அவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்; பள்ளி ஆசிரியராக இருந்த கணவர் காலமாகிவிட்டார். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து போனால் காப்பி கிடைக்கும். மூன்றாவது ஆள் கலியபெருமாள், ஓய்வு பெற்ற ஏட்டு. முப்பது வருடம் புதுச்சேரிப் போலீசின் சிவப்புத் தொப்பி போட்டவர் என்பதால், கதையில் வருகிற துப்பறிவாளர்கள் எல்லோரும் தன் வேலையைத் திருடியவர்கள் என்று எண்ணம்.

"எந்தக் கொலகாரன்யா கூப்ட்டவுடனே கூடத்துல வந்து ஒக்காருவான்? பின்பக்கமா ஓட மாட்டான்?"

"ஓடுனா கதை முடிஞ்சிடும்யா."

"அதான் சொல்றேன். எல்லாம் கட்டுக்கதை. ஒண்ணுத்துக்கும் ஒதவாது."

அந்தச் செப்டம்பரில் அக்கா ஒரு தாளைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். அவர் மகள் கரீன் லியோனில் வேலை பார்க்கிறாள். பதினோரு வருடமாக இருவருக்கும் போனில்தான் பேச்சு. அடுத்த ஆகஸ்டில் அவளுக்குக் கல்யாணம். அக்கா இதுவரை பாஸ்போர்ட் எடுத்ததில்லை. எடுப்பதற்காகத் தன் பிறப்புப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கியிருந்தார். அதன் ஓரத்தில் ஒரு வரி: இறப்பு, மார்ச் 1939.

"தம்பி, நான் செத்துட்டேனாம்" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "செத்தவளுக்கு யாரு பாஸ்போர்ட்டு குடுப்பா? அவங்கப்பாவும் இல்ல. நானும் போவலன்னா, கோயில்ல எம்பொண்ணு பக்கம் யாரு நிப்பா?"

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தேன். எல்லோரும் என்றால் இரண்டு பேர். நாகலிங்கர் புத்தகத்தில் எப்போதும் ஒருவர் பொய் சொல்வார். அவரைப் பிடித்தால் முடிந்தது. ஆகவே அறிவித்தேன்: உண்மையான ஏலிஸ் இறந்துவிட்டாள். இதோ உட்கார்ந்திருப்பது அவளுடைய இரட்டைச் சகோதரி. ஆள்மாறாட்டம்!

"அப்ப நான் யாருடா?" என்றார் அக்கா.

"அத நீங்கதான் ஒத்துக்கணும்."

காப்பிக் கரண்டி என் காதை உரசிக்கொண்டு பறந்தது.

"என் சர்வீசுல இவ்ளோ கேவலமான குற்றப்பத்திரிகைய நான் பாத்ததில்ல" என்றார் கலியபெருமாள். "ஆபீசுல எவனோ மாத்தி எழுதிட்டான். ஒரு மனு போடுங்க, திருத்திடுவாங்க."

மனு போட்டோம். நவம்பரில் பதில் வந்தது. பிறப்புப் பதிவேடு சரி, இறப்புப் பதிவேடும் சரி. இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது ஒன்றோடொன்று பொருந்தியதால் ஓரத்தில் அந்த வரி ஏறியது, திருத்த எதுவும் இல்லை. அக்கா கரீனுக்குப் போன் செய்து, "என்ன எதிர்பாக்காதம்மா" என்று சொல்லிவிட்டார்.

அந்த வார ஞாயிறும் தொடரைப் பார்க்க உட்கார்ந்தோம். திரையில் அந்தப் பெண்ணின் முன்னால் நான்கு வாக்குமூலங்கள். ஒன்று சொல்வதை மற்றொன்று மறுக்கிறது. அவள் ஸ்கூட்டியில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "இங்க யாருமே பொய் சொல்லலன்னா?"

"அநியாயம்! புத்தகத்துல இது கெடையாது!" என்று எழுந்தேன். நாலு தெரு தாண்டி இருக்கிற என் வீட்டுக்கு நாலு வினாடியில் ஓடி, அந்தக் கதை உள்ள புத்தகத்தோடு திரும்பினேன். அவர்கள் குட்டை உடைக்கலாம் என்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. வண்டிக்காரனிடம் நாகலிங்கர் சொல்கிறார்: "ஒருவருமே பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள். அப்போது மிஞ்சுவது என்ன?"

கொலைகாரனைப் பிடிக்கிற அவசரத்தில் முப்பத்தெட்டு தடவையும் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். எழுபது வருடமாக அங்கேயே காத்திருந்த வரியை, ஒரு ஸ்கூட்டிப் பெண் வந்து என் காதில் போட வேண்டியிருந்தது. அவளை நான் திட்டிய திட்டையெல்லாம் அந்த நிமிடமே வாபஸ் வாங்கினேன். இன்றைக்கும் ஸ்கூட்டியில் போகிற எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் மனதுக்குள் ஒரு கும்பிடு.

அக்கா காப்பியை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"அக்கா, அந்தத் தாளு பொய் சொல்லல. நீங்களும் பொய் சொல்லல. அப்படின்னா ஏலிஸ் ரெண்டு பேரு. ஒங்களுக்கு முன்னாடி ஒரு கொழந்த இருந்துச்சா?"

அக்கா காப்பியைக் கீழே வைத்தார். "கல்லறைத் திருநாளுக்கு அம்மா என்னக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. ஒரு சின்ன மேட்டுல மெழுகுவத்தி ஏத்துவாங்க. யாரும்மான்னு கேட்டா, ஒன் அக்காம்பாங்க. பேரு கேட்டா அழுவாங்க. அதனால நான் கேக்கறத உட்டுட்டேன்."

எங்கள் குடும்பங்களில் அந்த வழக்கம் உண்டு. ஒரு பிள்ளை போய்விட்டால், அடுத்து பிறக்கும் பிள்ளைக்கு அதே பெயரை வைப்பார்கள். அக்காவின் அப்பா அதற்கு மேல் ஒரு படி போயிருக்கிறார். ஏலிஸ் பெயரில்தான் வீட்டில் ஏற்கெனவே ஒரு பிறப்பு நகல் இருக்கிறதே, மறுபடி எதற்குப் பதிவு? பள்ளிக்கூடத்துக்கும் கல்யாணத்துக்கும் அந்தப் பழைய தாளே போதுமாக இருந்திருக்கிறது.

"கதை நல்லா இருக்கு. சாட்சி?" என்றார் ஏட்டு.

"ஞானஸ்நானம் குடுக்காம எந்தப் புள்ளயாவது வளந்துருக்கா எங்க தெருவுல? நடய்யா கோயிலுக்கு!"

கோயில் உபதேசியார் சாமிக்கண்ணு பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் தூக்கி வந்தார். நூறு கிலோ இருக்கும். 1938: ஏலிஸ், அப்பா பெயர், அம்மா பெயர், பக்கத்தில் ஒரு சிறு சிலுவை, அடுத்த வருடத் தேதி. மூன்று வருடம் தள்ளி, 1941: ஏலிஸ், அதே அப்பா, அதே அம்மா. கலியபெருமாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் படித்தார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். அக்கா முதல் பெயரின் மேல் விரலை வைத்து, "என் அக்கா" என்று மட்டும் சொன்னார்.

"பேப்பருல இருக்கு, சரி. கோர்ட்டு ஒத்துக்கணும்ல?" என்றார் ஏட்டு. தோற்றவர் பேச்சு.

அதன் பிறகு ஒரு வக்கீல், மூன்று விசாரணை, ஏழு மாதம். ஒவ்வொரு விசாரணைக்கும் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றவர் கலியபெருமாள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1941-ல் பிறந்த ஏலிஸுக்கு 2007-ல் பிறப்புப் பதிவு கிடைத்தது. ஜூலையில் பாஸ்போர்ட் வந்தது.

நான்தான் கரீனுக்குப் போன் போட்டேன். பத்தொன்பது புத்தகங்களின் பெயரையும் சொல்லித் தொடங்கினேன். பாதியிலேயே அவள் மறித்தாள்.

"மாக்சிம் மாமா, வேணாம். சுறாமீனுக்கு முதலுதவி செஞ்சேன்னு சொன்ன ஆளு நீங்க. பக்கத்துல கலியபெருமாள் மாமா இருந்தா குடுங்க. இன்னொரு தடவ ஏமாற என்னால முடியாது."

கலியபெருமாள் ரிசீவரை வாங்கிக்கொண்டார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சாட்சிக் கூண்டில் நிற்பது போல நிமிர்ந்தார். அக்கா பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா வர்றாங்க, கரீன். பாஸ்போர்ட்ட நான் பாத்துட்டேன்... ஆமாம்மா, அந்த ஆளுதான். பொஸ்தகத்த வச்சுத்தான். இவன் சொல்றது எதையும் நான் நம்புனதில்ல, இதையும் நம்பல. ஆனா நடந்துச்சும்மா. நான் கூடவே இருந்தேன், நடந்துச்சு."