பொது நாட்காட்டியில் ஒரு ஞாயிறு

அட்டவணை போடும் மென்பொருளுக்கு ஞாயிறு என்பது பூட்டிய கதவு. எவ்வளவு வேலை மிச்சமிருந்தாலும் சனிக்கிழமை மாலை நிறுத்தி, திங்கள் காலைதான் தொடரும். எப்போதாவது ஒரு ஞாயிறு வேலை வேண்டுமென்றால் அந்தத் தேதியை மட்டும் திறக்கலாம். அதற்கு இரண்டு வழி. வரப்போகிறவரின் சொந்த நாட்காட்டியில் திறந்தால் அவருக்கு மட்டும் வேலை நாள். பொது நாட்காட்டியில் திறந்தால் எல்லோருக்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கொதிகலன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அட்டவணை போடுகிறவள் நான். போன சனிக்கிழமை மதியம் மேனேஜர் குப்புராஜ் வந்து, பெயின்ட் அடிக்கும் நான்கு பேர் மறுநாள் வரவேண்டும் என்றார். நான்கு பேருக்கு நான்கு நாட்காட்டி. பொதுவில் என்றால் ஒரே தடவை. எனக்கு மூன்றே முக்கால் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. பொதுவில் திறந்துவிட்டுக் கிளம்பினேன்.

காலியாக ஒரு நாள் கிடைத்தால் மென்பொருள் சும்மா விடாது, அடுத்து நிற்கும் வேலையை இழுத்துக்கொள்ளும். மற்ற வேலைகள் சரக்கு வரவுக்காகத் திங்கள் என்று தேதி கட்டியிருந்ததால் அசையவில்லை. கட்டில்லாமல் நின்றது வெல்டிங் பரிசோதனை ஒன்றுதான். அது ஞாயிறுக்கு வந்தது. பரிசோதகர் விக்டோரியாக்கா. ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் பட்டியல், மறுநாள் வரவேண்டியவர்கள் போனுக்கு மட்டும் தானாகவே போகும். பேர் இருந்தால் வந்தாக வேண்டும்.

வியாழக்கிழமைதான் கேன்டீனில் அவர் கேட்டிருந்தார்.

"நர்மதா, இந்த ஞாயிறு என்ன இழுத்துப் போட்றாதீங்க. பிரின்சிக்குப் புதுநன்மை. பொன்னேரி கோயில்ல எட்டரை பூசை."

"உங்களுக்கு வேலையே இல்லக்கா. நிம்மதியா இருங்க."

அவர் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் அது. எனக்கு ஞாயிறு என்றால் துணி துவைக்கிற நாள்.

பூசையை விட்டுவிட்டு ஞாயிறு வேலைக்கு வந்துபோன அவர், திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தபோது குப்புராஜும் இருந்தார்.

"சிஸ்டம் போட்ச்சும்மா, நாங்க இன்னா பண்றது?" என்றார் குப்புராஜ்.

"அப்டிதான் சார் பிரின்சிகிட்டயும் சொன்னேன், கம்ப்யூட்டர் கூப்ட்டுச்சுன்னு. கம்ப்யூட்டருக்கு அம்மா கெடையாதான்னு கேக்குது."

குப்புராஜ் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நானும் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"சிஸ்டம் இல்லக்கா. நான்தான்."

நாற்காலியை இழுத்துப்போட்டு, திரையைத் திருப்பி, இரண்டு வழிகளையும் காட்டினேன். விளக்க ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. அவர் முழுக்கக் கேட்டார்.

"நாலு பேருக்கும் தனித்தனியா போட்டா எவ்ளோ நேரம் ஆவும்?"

"பத்து நிமிஷம்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேர் வந்தப்போ எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா" என்றேன். சொன்ன உடனே, சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

"நிம்மதியா இருங்கன்னு நீங்க சொன்னீங்க. அதுக்கு அப்புறமும் பேர் வருதுன்னா, ரொம்ப அவசரம் போல, வேற வழியில்லாம போட்டுக்கீறீங்கன்னு நெனச்சேன். உங்கள எதுக்கு பேஜார் பண்றதுன்னு வுட்டுட்டேன்."

திரையைப் பழையபடி என் பக்கம் திருப்பினேன்.

"அத கேட்டதோட சரி, பிரின்சி எங்கிட்ட இன்னும் பேசல" என்றார் எழுந்துகொண்டே. "எனக்குக் காட்டின மாதிரி அவளுக்கும் சொல்லுங்க. சாயங்காலம் எங்கூட ஊட்டுக்கு வாங்க."

போனேன். பஸ் பொன்னேரி போய்ச் சேரும்வரை, ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். நாட்காட்டிகளை விட்டுவிட்டும் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் விட முடியவில்லை.