எட்டாம் நாள் இல்லாத நவநாள்

அக்காவின் போன் வந்தபோது டீச்சர் ஒரு புனிதரின் தலையை வெட்டிக்கொண்டிருந்தார். பயப்பட வேண்டாம், தாளில்தான். வேதசாட்சிகளைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவர் கையில் மாதத்துக்கு இரண்டு தலையாவது உருளத்தான் செய்யும்.

பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பூகோளம் நடத்தியவர் என்பதை ஜனங்கள் மறந்தே போனார்கள். எல்லோருக்கும் அவர் 'புனிதர் டீச்சர்'. நாற்பத்தொரு சின்னப் புத்தகங்கள் எழுதியாயிற்று. பெரிய புனிதர்கள் பக்கமே போகமாட்டார். "அவங்களுக்கு ஆள் நிறைய இருக்கு, நான் வேற எதுக்கு?" என்பார். கோவிலில் கதவுக்குப் பின்னால் சுரூபம் நிற்கிற, யாரும் மெழுகுவத்தி ஏற்றாத புனிதர்களாகத் தேடிப் பிடிப்பார். அப்படிப் பிடித்த ஒருத்திதான் ரொட்டி சுட்டு விற்றுப் பிழைத்த அடுமனைப் புனிதை. அவளுக்கென்று டீச்சர் எழுதிய ஒன்பது நாள் ஜெபப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் அக்கா ஒரு வாரமாக நவநாள் செய்துகொண்டிருந்தாள்.

"சின்னவளே, எட்டாம் நாள் எங்கடி?"

"என்ன எட்டாம் நாள்?"

"உன் புஸ்தகத்துலதான். ஏழாம் நாளை முடிச்சிட்டு, நாளைக்கு என்ன ஜெபம்னு பக்கத்தைத் திருப்பினேன். ஒன்பதாம் நாள்னு போட்டிருக்கு."

"ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கும்க்கா. எச்சில் தொட்டுத் திருப்பு."

"எல்லாம் தொட்டாச்சு. இருபத்தி மூணு, இருபத்தி நாலுன்னு பக்க நம்பர் சரியா இருக்கு. நாளைத்தான் காணோம்."

டீச்சர் அலமாரியிலிருந்து தன் பிரதியை உருவிப் பார்த்தார். ஏழு. அதற்கடுத்து ஒன்பது.

அக்காவுக்கு மார்பில் ஒரு கட்டி. நாலு மாதம் மூச்சுக் காட்டாமல் வைத்திருந்துவிட்டு, சட்டை மாற்றும்போது தங்கையிடம் அகப்பட்டுக்கொண்டாள். சண்டை போட்டு, அழுது, கெஞ்சி, டீச்சர்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். ஊசியால் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு நாளை மறுநாள் காலை. நவநாளின் ஒன்பதாம் நாளும் அதுதான். அக்கா விரல்விட்டு எண்ணித்தான் ஆரம்பித்திருந்தாள்.

"அப்ப நாளன்னைக்கு நான் வரலை," என்றாள் அக்கா.

"அக்கா!"

"ஒரு நாள் குறைஞ்சா அது நவநாளே இல்லை. மறுபடி ஒண்ணாம் நாள்லருந்து ஆரம்பிக்கணும். அதை முடிச்சிட்டுப் போவோம். ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிடாது."

ஆஸ்பத்திரி ஓடாது, டாக்டர் ஓடுவார். அடுத்த வாரத்திலிருந்து ஒரு மாதம் அவருக்கு விடுப்பு. கெட்ட செய்தியானால் இந்த வாரமே அறுத்து எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அக்காவைப் பற்றியும் டீச்சருக்குத் தெரியும். ஒன்பது நாள் தள்ளிப்போட்டால் பத்தாம் நாள் முழங்கால் வலிக்கும், பதினோராம் நாள் மழை வரும்.

"பிரஸ்ல விட்டுட்டாங்கக்கா. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எட்டாம் நாளோட நான் உன் வீட்டுல நிக்கிறேன். சத்தியமா."

"கொண்டு வந்தா பார்ப்போம்," என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அச்சகக்காரரைப் போனில் பிடித்து ஒரு பிடி பிடித்தார். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"டீச்சர், இது நாலாவது பதிப்பு. பதினோரு வருஷமாப் போகுது. பன்னிரண்டாயிரம் பிரதி."

"அதனால?"

"இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேட்கலையே."

டீச்சர் கையிலிருந்த பிரதியை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார்.

"ஒருத்தரும் எட்டாம் நாள் வரைக்கும் போகலை போல," என்றார் அச்சகக்காரர். பிறகு டீச்சரின் மனசு நோகக் கூடாதென்று, "இல்லேன்னா ஏழாம் நாளே எல்லாருக்கும் கேட்டது கிடைச்சிருக்கும்," என்றார்.

"வைங்க போனை!"

டீச்சருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. 'ஒன்பது நாளும் தவறாமல் ஜெபித்தேன், வேலை கிடைத்தது' என்று எத்தனை நன்றிக் கடிதங்கள் வந்திருக்கின்றன! அத்தனையும் புளுகா? அனுமதிக் கையெழுத்துப் போட்ட பங்குத்தந்தைகூட ஏழாம் நாளோடு தூங்கிவிட்டாரா?

பழைய நோட்டுகளைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துப் போட்டுத் தேடினார். பதினொன்றரை மணிக்கு நோட்டு கிடைத்தது. ஏழாம் நாள்: நோயாளிகளுக்காக. ஒன்றரைப் பக்கம், அழகான கையெழுத்து. எட்டாம் நாள்: பயத்தில் இருப்போருக்காக. அதன் கீழே ஒரு எழுத்தும் இல்லை. வெறும் கோடுகள்.

அச்சகக்காரர் பாவம். தலைப்பு மட்டும் இருந்ததைப் பார்த்து, டீச்சரே வேண்டாமென்று விட்டதாக நினைத்து எடுத்திருப்பார். அன்றைக்கு நடந்தது டீச்சருக்கு இப்போது ஞாபகம் வந்தது. தினம் காலையில் ஒரு ஜெபம் என்று எழுதிக்கொண்டு வந்தவருக்கு எட்டாம் காலை ஒன்றுமே ஓடவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒன்பதாம் நாளுக்குத் தாவினார். அது நன்றி ஜெபம். நன்றி எழுதுவது டீச்சருக்குக் கைவந்த கலை, அரை மணி நேரத்தில் முடித்தார். அந்த 'அப்புறம்' வரவேயில்லை.

சரி, இப்போது எழுதினால் போயிற்று. நாற்பத்தொரு புத்தகம் எழுதிய கைக்கு ஒரு பக்கமா பெரிய காரியம்? உட்கார்ந்தார். 'ஓ அடுமனைப் புனிதையே, அச்சம் என்னும் காரிருளில் தவிக்கும் அடியோர்' என்று ஆரம்பித்தார். அடித்தார். 'நடுங்கும் இதயங்களின் ஆறுதலே' என்று ஆரம்பித்தார். அதையும் அடித்தார். மூன்று மணி ஆயிற்று. காலையில் குடித்த காபியைத் தவிர வயிற்றில் ஒன்றுமில்லை.

பயமாயிருந்தது. அதுதான் விஷயம். அக்கா செத்துப்போய்விடுவாளோ என்று பயமாயிருந்தது. அம்மா அப்பா போய், அத்தானும் போய், மிச்சம் இருப்பது இவர்கள் இரண்டு பேர். ஊரில் உள்ளவர்களின் கஷ்டத்துக்கெல்லாம் வார்த்தை எடுத்துக் கொடுத்தவருக்குத் தன் கஷ்டம் என்று வந்ததும் பேனா ஓடவில்லை. ஐந்தரைக்கு வெறும் நோட்டையும் பேனாவையும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அக்காவின் வீடு மூன்றாம் மாடி. முகம் கழுவி, தலை வாரி, மேசையில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துக் காத்திருந்தாள்.

"எங்க, கொடு."

டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உண்மையைச் சொன்னார். "இல்லைக்கா. பிரஸ் மேல தப்பில்லை. நான்தான் எட்டாம் நாளை எழுதவே இல்லை. இன்னைக்கு முழுக்க உக்காந்தும் வரலை."

அக்கா புருவத்தைச் சுருக்கினாள். "எழுதலைன்னா? இதெல்லாம் நீ எழுதினதா?"

"பின்ன யாரு? அட்டையில என் பேரு இருக்கே!"

"பேரு இருக்கு, சரி. எங்கயோ கிடந்த பழைய ஜெபத்தை எடுத்துப் போட்டிருக்கேன்னுல்ல நினைச்சேன்! அடிப்பாவி, ரெண்டாம் நாள் ஜெபத்துல நான் தேம்பித் தேம்பி அழுதேனேடி!"

"அது கேஸ் சிலிண்டர் வர்றதுக்காகக் காத்துக்கிட்டிருக்கும்போது எழுதினது."

அக்கா தங்கையை ஒரு நிமிடம் முறைத்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். டீச்சருக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு மாதமாக இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் அடங்கியதும் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. உனக்கு வரலைன்னா நான் சொல்றேன். நீ எழுது."

"நீயா?"

"ஏன், எனக்கு வாய் இல்லையா?"

டீச்சர் நோட்டைத் திறந்தார். அக்கா கைகூப்பவில்லை, கண்ணையும் மூடவில்லை. மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"அம்மா, உனக்கு என்னைத் தெரியாது. எனக்கும் உன்னை ஏழு நாளாத்தான் தெரியும். எனக்குப் பயமா இருக்கு. குளிக்கும்போதுகூட அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோறதில்லை. நாளைக்கு என்ன சொன்னாலும் கேட்டுக்கிற தைரியத்தைக் கொடு. வேற ஒண்ணும் கேட்கலை. இல்லை, பொய். கேட்கிறேன். ஒண்ணும் இல்லைன்னு சொல்லட்டும். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும். நான் இல்லேன்னா என் தங்கச்சிக்கு நேரத்துக்குச் சாப்பிடத் தெரியாது. பசிக்குதுன்னே அவளுக்கு நான்தான் சொல்லணும். நீ ரொட்டி சுட்டவ, உனக்குத் தெரியும். ஆமென்."

பேனா நின்றுவிட்டது.

"எழுதினியா?"

"எழுதினேன்."

"அந்த 'பொய்'ங்கிறதையுமா எழுதின?"

"ஆமா."

"ஐயையோ, அதை அடிச்சிடு."

"மாட்டேன்க்கா," என்றார் டீச்சர்.

எழுதியதை இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை சத்தமாக வாசித்தார்கள். முடிந்ததும் அக்கா மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். "காலையில எட்டு மணிக்கு வண்டி சொல்லிடு. லேட்டானா வரிசையில நிக்கணும்," என்றபடி சமையலறைக்குள் போனாள். "சாப்பிட்டியா நீ? மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. வா."

காலையில் ஆஸ்பத்திரியில் ஏழாவது ஆளாகக் கூப்பிட்டார்கள். டாக்டர் அம்மா கோப்பைப் பிரித்து ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அக்கா நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வாயைத் திறந்தார். டீச்சர் எழுந்தார். தான் எழுந்தது அவருக்கே தெரியாது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, நடைபாதையின் கடைசி வரை போய், மாடிப்படி ஓரமாகச் சுவரைப் பார்த்து நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

எவ்வளவு நேரம் நின்றாரோ. யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் அக்கா.

"ஒண்ணும் இல்லையாம்டி."

டீச்சர் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கையை எடு முதல்ல! ஒண்ணும் இல்லையாம். சாதாரணக் கட்டிதானாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினாப் போதுமாம். வயித்துல பாலை வார்த்தீங்க டாக்டர்னு சொன்னேன். அந்தம்மா கேட்குறாங்க, கூட வந்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு."

டீச்சர் காதிலிருந்து கையை எடுத்தார். அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்தார். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் சுற்றிக்கொண்டு போனார்கள். ஓவென்று அழுகை வந்தது. ஐம்பத்தெட்டு வயதில், இத்தனை பேர் நடுவில், வெட்கமில்லாமல் அழுதார். அக்கா பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"இன்னைக்கு ஒன்பதாம் நாள்," என்றாள் அக்கா. "சாயங்காலம் வரைக்கும் என்னால தாங்காது. இப்பவே சொல்லிடுவோம். புஸ்தகத்தை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். நீ சொல்லு, நான் பின்னாடி சொல்றேன்."

டீச்சர் வாயைத் திறந்தார். அரை மணி நேரத்தில் எழுதிய ஜெபம், நாலு பதிப்பாக அச்சேறிய ஜெபம். முதல் வார்த்தைகூட வரவில்லை. மறுபடி முயன்றார். விம்மல்தான் வந்தது.

"என்னடி, நீ எழுதினதுதானே?"

"ஒரு வரியும் வரமாட்டேங்குதுக்கா."

"வராட்டி போகட்டும், விடு," என்று அக்கா தங்கையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "நீ அழறதே அந்த ரொட்டி சுட்டவளுக்குக் கேட்கும்."