பார்த்தது, நினைத்தது

ராம்தேயி அத்தை செப்புக் குடத்தைக் கவிழ்த்தாள். சாவு விழுந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. மண்பானை, வாளி, பாத்ரூம் டிரம் என்று எல்லாவற்றையும் முற்றத்தில் கொட்டிவிட்டு, எழுபது வயதிலும் மூச்சு வாங்காமல் ஜன்னலோரத்துக்கு வந்தாள். அங்கே ஆறு ஊறுகாய் ஜாடிகள் இருந்தன. ஆறிலும் தலைப்பிரட்டைகள் நீந்தின.

"அத்தை, அத விடுங்க" என்றாள் சுனைனா.

"இதுவும் தண்ணிதானேடி?"

"அதுல உசுரு இருக்கு."

அத்தை குனிந்து பார்த்தாள். "செத்தும் என் தம்பிய இந்தத் தவளைங்க விடலையே!" என்று முணுமுணுத்துக்கொண்டு கையை எடுத்தாள்.

கூடத்தில் கேதார்பிரசாத் மாஸ்டர் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். போபாலிலிருந்து மகன் வந்து சேர மதியம் ஆகும். அதற்கப்புறம்தான் நர்மதைக் கரைக்குத் தூக்க வேண்டும். வீட்டில் அவரோடு இருந்தவள் மகள் சுனைனா ஒருத்திதான்.

மாஸ்டர் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தினார். நடத்தினார் என்றா சொல்வது? எதையும் சொல்லித்தர மாட்டார். "வால் எங்க போகுது மாஸ்டர்ஜி?" என்று கேட்டால், "நீதானே பாக்குற? என்னைக் கேட்டா?" என்பார். மழைக்கு வகுப்பறை ஒழுகியதால் ஜாடிகள் வீட்டுக்கு வந்தன. தினம் ஒரு பிள்ளை முறை வைத்து வந்து நோட்டில் எழுத வேண்டும். இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் நினைத்தது. ரெண்டையும் கலந்தால் தொலைந்தது. முன்னால் இருந்தவர் எழுதியதைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் அடுத்தவர் எழுதலாம். மாஸ்டர் ஜாடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் மூச்சுவிடக் கூடாது. பன்னிரண்டு வயதில் ஒருநாள் அப்படி இருந்தவரைச் சாப்பிடக் கூப்பிட்டு சுனைனா வாங்கிய வசவு, தெருமுனை வரைக்கும் கேட்டது.

காலையில் வந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி இதுதான்: "உசுரு போறப்ப வாயில நர்மதைத் தண்ணி ஊத்துனியா?"

"ஊத்தினேன்."

"முழுங்குனானா?"

"ரெண்டு வாய்."

"மகராசி! நீ நல்லா இருப்படி" என்று அத்தை அவள் கன்னத்தை வழித்து அழுதாள். வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒன்பது மணிக்குள் மாஸ்டர் மகள் மடியில் தலை வைத்து, ராம நாமம் சொல்லிக் கண்ணை மூடியதாகக் கதை வளர்ந்துவிட்டது. காலில்லாத கதைக்கு ஊர் கால் வைத்தது.

நடந்தது வேறு. ஆறேகாலுக்கு டீ கொண்டுபோனாள். அப்பா நாற்காலியில், மடியில் நோட்டோடு, ஜாடிகளைப் பார்த்தபடி இருந்தார். திரும்பவில்லை. தொந்தரவு செய்யக் கூடாதென்று டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, பூனை மாதிரி நடந்து வெளியே வந்தாள். பெருக்கினாள், உருளைக்கிழங்கு நறுக்கினாள். ஏழரைக்கு டம்ளரை எடுக்கப் போனபோது டீயில் ஆடை கட்டியிருந்தது. அப்போதுதான் கையைத் தொட்டாள்.

பூஜை அலமாரியில் இருந்த நர்மதைச் செம்பின் மூடி ஈயம் வைத்து அடைத்தபடி இருந்தது. அத்தை கேட்ட பிறகுதான் அவள் அதை உடைத்து, இரண்டு வாய்த் தண்ணீரைத் துளசிச் செடியில் ஊற்றினாள். அந்த ஒன்றேகால் மணி நேரத்தைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். டீ வைத்தபோது அப்பா உயிரோடு இருந்தாரா? ஒரு குரல் கொடுத்திருந்தால்? யாரிடம் போய்க் கேட்பது?

பத்து மணிக்கு இமர்தி வந்தாள். ஏழாம் வகுப்பு, இரட்டைச் சடை. மாஸ்டர் காலடியில் கொஞ்ச நேரம் நின்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சுனைனாவிடம் வந்தாள்.

"அக்கா, இன்னைக்கு என் முறை."

"சாவு வீட்டுல என்னடி படிப்பு? ஓடு!" என்றாள் அத்தை.

சுனைனா நோட்டை எடுத்துக் கொடுத்தாள். இமர்தி வழக்கப்படி சத்தமாகப் படித்தாள். "ஆறு பத்து. மூணாம் ஜாடி. வலது முன்னங்கால் வந்திருக்கு. இடது..." நிமிர்ந்தாள். "அக்கா, மாஸ்டர்ஜி பாதியில விட்டுட்டாரு. அதுக்கப்புறம் இங்க யார் இருந்தா?"

"நான்தான்."

"அப்ப நீங்க எழுதுங்க. இருந்தவங்கதான் எழுதணும்."

சுனைனா பேனாவை வாங்கி இடது பக்கம் எழுதினாள். ஆறேகால், டீ வைத்தேன். அப்பா அசையவில்லை. ஜாடியைப் பார்க்கிறார் என்று எழுதியவள், அதை அடித்துவிட்டு வலது பக்கத்தில் எழுதினாள். மறுபடி இடது பக்கம் வந்தாள். எழுதி முடித்து நோட்டைத் திருப்பித் தரும்போதுதான் சத்தமாகப் படிக்கும் வழக்கம் நினைவு வந்தது. அதற்குள் இமர்தி படிக்கத் தொடங்கிவிட்டாள்.

"ஆறேகால். டீ வைத்தேன். அப்பா அசையவில்லை. ஏழரை. டீ ஆறியிருந்தது. கை குளிர்ந்திருந்தது. தண்ணீர் கொடுக்கவில்லை." குரல் இறங்கியது. "நினைத்தது: ஜாடியைப் பார்க்கிறார்."

அத்தை தம்பியின் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். சுனைனா தலையைத் தூக்கவில்லை. கன்னத்தில் அறை விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது.

அத்தை எழுந்து பூஜை அலமாரிக்குப் போனாள். செம்பின் உடைந்த ஈயத்தை விரலால் தடவிப் பார்த்தாள். செம்போடு திரும்பி வந்து தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து, மூடிய உதட்டில் தண்ணீரை ஊற்றினாள். அது கடைவாயில் வழிந்தது. முந்தானையால் ஒற்றிவிட்டு இன்னொரு முறை ஊற்றினாள்.

வாசலில் தலைமையாசிரியர் செருப்பைக் கழற்றினார். "கடைசியில யாரும்மா பக்கத்துல இருந்தாங்க?"

"மக இருந்தா" என்றாள் அத்தை. "ரெண்டு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போனான்."

இமர்தி மூன்றாம் ஜாடியின் முன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். சுனைனா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமலே, பேசாதீர்கள் என்று உதட்டில் விரலை வைத்தாள்.