கூடைக்குள் வைத்த துணி

"ஜனவரி வந்தா நான் கடலுக்குப் போயிருவேனுங்க. ஏப்ரல் வரைக்கும் வாரக் கடைசியெல்லாம் அங்கதான். அதுக்குச் சம்மதமுன்னா மேல பேசலாம்."

"திருப்பூர்ப் புள்ளைக்குக் கடல்ல என்னுங்க வேலை?"

"ஆமை முட்டைக்குக் காவலுங்க."

பெண் பார்க்க வந்த அருண்குமார் காபியைச் சட்டையில் சிந்திக்கொண்டு சிரித்தான். "தாராளமா போங்க. நான் ஒண்ணும் முட்டையத் தின்னுற மாட்டேன்" என்றான். அந்தப் பதிலுக்காகவே தரணி அவனைக் கட்டிக்கொண்டாள்.

மூன்று ஆண்டுகளாக அவன் சொல் மாறவில்லை. வெள்ளிக்கிழமை நாகப்பட்டினம் பேருந்தில் ஏற்றிவிடுவான். திங்களன்று பேருந்து நிலையத்துக்கு வந்து அழைத்துப்போவான். கூட மட்டும் வந்ததில்லை. திருப்பூர் நல்லூரில் அவர்களுடைய தையல் யூனிட்டில் எப்போதும் ஏதாவது ஒரு ஷிப்மெண்ட் அவசரமாக இருக்கும். 'நீங்களும் வாங்க' என்று கேட்க வாய் வரை வரும். முடியாது என்றுவிட்டால் அப்புறம் அந்த ஆசையும் இருக்காதே என்று பயந்து விழுங்கிவிடுவாள்.

இந்த ஆண்டு அவனாகவே ஒன்று செய்தான். கரையில் எடுக்கும் முட்டைகளைத் தன்னார்வலர்கள் வேலி போட்ட மணலில் புதைத்து, பொரிக்கும் நாள் நெருங்கியதும் மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து வைப்பார்கள். ரோந்து போனவர்கள் திரும்பி வந்து கடலில் விடும்வரை குஞ்சுகள் அதற்குள் பத்திரமாக இருக்கும். மூங்கில் சிராய் அவற்றைக் கீறுகிறது என்று ஒருநாள் சாப்பிடும்போது தரணி சொன்னாள். அடுத்த வாரமே கூடைகளுக்கு உள்துணி தைத்து மூட்டை கட்டிக் கொடுத்தான். வலைபோல் பின்னிய துணி.

"பாப்பா டிரஸ்ஸுக்குப் போடறது புள்ள. கன்னத்துல வெச்சுப் பாரு, ஒரு தையல் குத்தாது."

வைத்துப் பார்த்தாள். பூவாக இருந்தது.

இந்தத் திங்கட்கிழமை அவள் அவனை அழைக்கவில்லை. டவுன் பஸ் பிடித்து நேராக யூனிட்டுக்கு வந்தாள். செக்கிங் மேஜையில் பீஸ் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் குழந்தையம்மாள் நிமிர்ந்தார்.

"வா கண்ணு. உன்ர புள்ளைங்கெல்லாம் கடலுக்குப் போயிருச்சா?"

தரணி தோள்பையைக் கழற்றினாள். அருண்குமார் ஆவலோடு எழுந்து வந்தான். "துணி எப்புடி? அங்க என்ன சொன்னாங்க?"

பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். மணல் உதிர்ந்தது.

"நகம் மாட்டிக்கிச்சுங்க மாமா. நாங்க ரோந்து முடிச்சு வர விடிஞ்சிருச்சு. வெளிய வந்த குஞ்சுங்க துணியப் புடிச்சு ஏறியிருக்குது. கண்ணியில நகம் சிக்கி அப்புடியே தொங்குச்சுங்க. வெட்டி எடுத்ததுல பாதிக்கு மேல உசுரில்ல."

அவன் துணியைப் பிரித்து, டேமேஜ் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்தான். சுண்டுவிரல் நகத்தை ஒரு கண்ணியில் நுழைத்து இழுத்தான். துணி இழுத்த பக்கமெல்லாம் வந்தது, நகத்தை விடவில்லை.

"நல்லதுக்குத்தான கண்ணு செஞ்சான்? ஆர்டர நிறுத்தி வெச்சுட்டுத் தெச்சான்" என்றார் மாமியார்.

"நான் அவரக் குத்தஞ் சொல்லலீங்க அத்தை. நானும் பார்த்துட்டுத்தானே கொண்டுபோனேன்."

"நீ சொல்லாட்டி என்ன? கொன்னது நான்தான" என்றான் அருண்குமார். துணியைச் சுருட்டி வேஸ்ட் மூட்டைக்குள் திணித்தான். "ஒரு குஞ்சக் கண்ணால பார்த்ததில்ல, எனக்கெதுக்கு இந்த வேலை? இனிமே நீ போ, நீ வா. பஸ்ஸு ஏத்தி விடறேன். என்னைய மட்டும் ஒண்ணும் கேக்காத."

முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டிங் மேஜைப் பக்கம் நடந்தான். தரணி அவனுடைய முதுகைப் பார்த்தாள். இப்போது விட்டால் இனி அவன் ஆமை என்ற சொல்லையே எடுக்கமாட்டான். ஆண்டில் நான்கு மாதம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் வாய் திறக்காமல் இருக்க வேண்டியதுதான்.

மெஷின்கள் இரைந்தன. அதையும் மீறிக் கேட்க வேண்டுமென்று அவள் குரலை உயர்த்தினாள். டெய்லர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேக்கத்தான் போறேனுங்க. இந்த வெள்ளிக்கெழம நீங்களும் என்கூட வாங்க மாமா."