மூணுமாடிக்காரர் வீட்டு அஸ்திவாரம்

அந்தத் தெருவில் அவருக்கு மூணுமாடிக்காரர் என்று பெயர். வீடு என்னவோ தரைத்தளம் மட்டும்தான். ஆனால் கட்டிய நாளிலிருந்து வந்தவர் போனவர் எல்லாரையும் நிறுத்தி, "ஆறடி அஸ்திவாரம். மூணு மாடி தாங்கும்" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பட்டத்தைச் சம்பாதித்திருந்தார். மகளின் கல்யாணப் பேச்சிலும் பாதி நேரம் அஸ்திவாரத்தைத்தான் அளந்தார். மாப்பிள்ளை அதை அப்படியே நம்பிவிட்டார். அதுதான் வினையாகப் போனது.

கைக்குழந்தையோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்த மகளும் மாப்பிள்ளையும், மாடி கட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடுவதாகச் சொன்னார்கள். மூணுமாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பேத்தியை வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது போதாது என்று அவர் புலம்பாத நாளில்லை. மறுவாரமே மாப்பிள்ளை ஓர் இன்ஜினியர் அம்மாவை அழைத்து வந்தார். அவர் வீட்டைச் சுற்றி வந்து, வாசல் சுவரை ஒட்டிச் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டார்.

"இங்க ஒரு குழி எடுத்துப் பாத்துடலாம் சார்."

"எதுக்கும்மா? அதான் ஆறடின்னு சொல்றேன்ல."

"நீங்க சொல்றது சரி சார். ஆனா கண்ணால பாத்தாத்தான் நான் கையெழுத்து போட முடியும். தாங்காதுன்னு தெரிஞ்சா, மாடி வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

உண்மையில் அது ஆறடி இல்லை, மூன்றடி. மூணுமாடிக்காரருக்கும், அன்றைக்கு வேலை பார்த்த மேஸ்திரிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மேஸ்திரி இப்போது எங்கே இருக்கிறாரோ. அப்போது மனைவிக்கு ஏழாம் மாதம். குடியிருந்த அறை ஒழுகியது. மழை வேறு இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றது. குழந்தை பிறப்பதற்குள் சொந்தக் கூரைக்குள் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில், "மூணடி போதும், சுவரை ஏத்துங்க" என்றுவிட்டார். மனைவியிடம் ஆறடி என்றார். முப்பது வருஷம் சொன்னதில் அவரே அதைப் பாதி நம்பியிருந்தார்.

மறுநாள் காலை, கடப்பாரையோடு ஆள் வந்தபோது, அவர் சாக்பீஸ் கட்டத்தின் மேல் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் எந்திரிங்க சார்" என்றார் இன்ஜினியர்.

"இங்கதாம்மா காத்து வருது."

இன்ஜினியர் நாலடி தள்ளி இன்னொரு கட்டம் போட்டார். மூணுமாடிக்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். காற்றும் கூடவே வந்துவிட்டதாம். மூன்றாவது கட்டம் விழுந்ததும், "அங்க தண்ணி பைப் போகுது" என்றார்.

"பைப் பின்பக்கம்னு நீங்கதானே சொன்னீங்க மாமா?" என்றார் மாப்பிள்ளை.

அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளிருந்து, "ஏங்க, காபி ஆறுது" என்று கூப்பிட்டாள். போகாமல் இருக்க முடியாது. பாதி காபியில் கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. மீதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் வெளியே வரும்போது எல்லாரும் குழியைச் சுற்றி நின்றார்கள். கல்கட்டு முடிந்து, அதற்குக் கீழே வெறும் மண் தெரிந்தது. இன்ஜினியர் டேப்பைச் சுருட்டினார்.

"மூணடி ரெண்டு அங்குலம்."

"அடிக்கு ஒரு மாடின்னு கணக்கு போட்டிருக்காரு" என்றார் குழி தோண்டியவர். மெதுவாகத்தான் சொன்னார், எல்லாருக்கும் கேட்டது.

மூணுமாடிக்காரர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உன்கிட்ட ஆறடின்னு..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க வேலைக்குப் போயிருந்தப்ப வயித்தைத் தூக்கிட்டு வந்து பாத்தேன். குழியில எறங்கியும் நின்னேன். இடுப்பளவுதான் இருந்துச்சு. ஆறடின்னா நான் முங்கியிருக்கணும்ல."

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"எனக்காகத்தானே அவசரப்பட்டீங்க. என்னத்தக் கேக்குறது."

அப்போதுதான் அவருக்கு இரும்பு பீரோ ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டு பீரோவின் கைப்பிடியை ஆசையாகத் திருகிப் பார்ப்பவள், இவர் வாங்கித் தருகிறேன் என்று சொன்னபோதெல்லாம் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். முப்பது வருஷமாகத் துணிகள் தகரப் பெட்டியில்தான் கிடக்கின்றன. கருமி என்று ஊரெல்லாம் அவளைச் சொல்லித் திரிந்தார். "பாரம் தாங்காதுன்னுதான் பீரோ வேண்டாம்னியா?" என்றார்.

"பீரோவெல்லாம் ஒண்ணும் பண்ணாதும்மா" என்றார் இன்ஜினியர். "அது பாட்டுக்குத் தரை மேல நிக்கும்."

"நீங்க படிச்சவங்க. எனக்குப் பயமா இருந்துச்சு."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "அப்ப மாடி?"

"கட்டலாம். முதல்ல அடியைப் பலப்படுத்தணும். ஆறடியில கெட்டி மண்ணு இருக்கு. சுவருக்கு அடியில கொஞ்சம் கொஞ்சமா, இடம் விட்டு இடம் விட்டுத் தோண்டி கான்கிரீட் போடணும். அது இறுகினப்புறம்தான் அடுத்த குழி. ஒரே மூச்சுல தோண்டினா வீடு உக்காந்துடும்."

இரண்டு மாதம் வேலை நடந்தது. பலகை மேல் நடந்துதான் வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது. மூணுமாடிக்காரர் யாரிடமும் எந்த அடியையும் பற்றிப் பேசவில்லை. தெருவுக்கே காது குளிர்ந்தது. கடைசிக் குழி தோண்டி முடித்த அன்று, புது மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு ஏணி வைத்து மெல்ல உள்ளே இறங்கினார். நிமிர்ந்து நின்றுகொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"வாசல்ல நின்னு பாரு. என் தலை தெரியுதா?"

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குனியாமல், எக்காமல் பார்த்தாள்.

"தெரியல."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"தெரியவே இல்லைங்க."

"அப்ப கடைக்குப் போன் போட்டு, பீரோவுக்குச் சொல்லிடு" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.